டோஹா – கொழும்பு எத்தனை மணித்தியாலம்? ஒரு ஹயர்காரனின் கணக்கு

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் வேன் வைத்து, கொழும்புப் பிளேன்கள் இறங்குகிற கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு ஹயர் ஓடுகிறவனிடம் சனம் முதலில் கேட்பது, வாடகை எவ்வளவு என்று. அடுத்த கேள்வி, "தம்பி, கட்டாரில இருந்து பிளேன் வர எத்தின மணித்தியாலம் எடுக்கும்?" இரண்டாவதுக்கு விடை தெரியாமல் முதலாவதுக்கு விடை சொல்ல முடியாது. எயார்போர்ட் வாசலில் வேன் சும்மா நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் யாரோ ஒருவருடைய காசு.

இந்தக் கணக்கு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பதினோராம் வகுப்பு ஓ.எல் பரீட்சை வரை கணிதம் படித்த யாரும் ஒரு போனையும் காகிதத் துண்டையும் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் போடலாம். நான் டோஹாவையும் கொழும்பையும் எடுத்துச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வந்து போகிற வழி அது. இந்த வழிக்குப் போடத் தெரிந்தால் ரியாத்துக்கும் போடலாம், சியோலுக்கும் போடலாம்.

டிக்கட்டில் உள்ள நேரத்தை அப்படியே கழிக்காதீர்கள்

டிக்கட்டில் இருக்கிற புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர் மணிக்கூட்டின்படி. சேரும் நேரம் சேருகிற ஊர் மணிக்கூட்டின்படி. உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

டோஹாவில் 18.30க்கு வெளிக்கிட்டு கொழும்பில் மறுநாள் 01.45க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சும்மா கழித்தால் ஏழேகால் மணித்தியாலம் வரும். கட்டார் மணிக்கூடு எங்களுடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. அங்கே 18.30 என்றால் இங்கே இரவு 21.00. அதில் இருந்து 01.45 வரை எண்ணினால் நாலே முக்கால். அதுதான் பயண நேரம்.

போகும்போது இதே கணக்கு மற்றப் பக்கமாக ஏமாற்றும். கொழும்பில் காலை 10.00க்கு ஏறி டோஹாவில் 12.30க்கு இறங்குகிறார் என்று டிக்கட்டில் இருந்தால், "இரண்டரை மணித்தியாலத்தில கட்டாரா!" என்று வீட்டில் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். டோஹா 12.30 என்பது எங்கள் மூன்று மணி. ஆக ஐந்து மணித்தியாலம்.

எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்று மண்டையை உடைக்க வேண்டாம். இரண்டு நேரத்தையும் இலங்கை நேரமாக மாற்றி எழுதிவிட்டுக் கழியுங்கள். பிழைக்காது.

மாற்றுவதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும். கட்டார், சவூதி, குவைத், பஹ்ரைன் நாலும் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாயும் மஸ்கட்டும் ஒன்றரை பின்னால். மாலைதீவு அரை மணித்தியாலம் பின்னால். இந்தியா முழுவதும் எங்கள் நேரமேதான். கிழக்கே போனால் பாங்கொக் ஒன்றரை முன்னால். கோலாலம்பூர், சிங்கப்பூர், ஹொங்கொங் இரண்டரை முன்னால். சியோலும் டோக்கியோவும் மூன்றரை முன்னால். லெபனானும் இஸ்ரேலும் மட்டும் கோடைகாலத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பார்கள். பெய்ரூட்டில் வேலை செய்கிற அக்காமாரைக் கூட்டிவரப் போகிறவர்கள் அந்த மாதங்களில் ஒருதரம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் அந்தத் தொல்லை கிடையாது.

ஊரில் பழைய ஆட்கள் சிலர் இன்னும் "கட்டாருக்கும் நமக்கும் மூண்டு மணித்தியாலம்" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரிதான். 1996இல் இலங்கை நேரத்தை முன்னால் தள்ளினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி கிறினிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்று கொண்டு வந்தார்கள். இடையில் வளைகுடா போய் வந்தவர்களுக்கு மூன்று மணித்தியால வித்தியாசம் மனப்பாடம். அவர்களோடு வாதாட வேண்டாம். கணக்கில் மட்டும் இரண்டரை போடுங்கள்.

நள்ளிரவுத் திகதி

நேரத்தைவிட ஆளைக் கவிழ்க்கிறது திகதி. டிக்கட்டில் "15ஆம் திகதி 00.35" என்று இருந்தால் அது 14ஆம் திகதி இரவு. 14ஆம் திகதி இராச் சாப்பாடு சாப்பிடுகிற நேரம் நீங்கள் எயார்போர்ட்டுக்குள் வரிசையில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி காலை ஆறுதலாக எழும்பிப் பெட்டி கட்டினால் பிளேன் அப்போது கட்டாரில் நின்றுகொண்டிருக்கும்.

வளைகுடா விமானங்களில் கணிசமானவை நள்ளிரவைச் சுற்றித்தான் வந்து போகின்றன. ஆகவே எங்கள் வீட்டுக் கலண்டரில் ஹயர் குறித்து வைக்கும்போது பிளேனின் திகதியை எழுதுவதில்லை. நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுகிற திகதியையும் நேரத்தையும்தான் எழுதுவோம். போன் பண்ணுகிறவர்களிடமும் "எத்தினாம் திகதி பிளேன்?" என்று கேட்பதில்லை. டிக்கட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுவேன். வாயால் சொல்கிற திகதியை நம்பி வேன் எடுக்கிறவன் ஹயர்காரனே இல்லை.

தூரத்தை நீங்களே கணக்கெடுப்பது

சுகமான வழி, கூகுள் மெப்ஸ். கட்டுநாயக்கா ஓடுபாதையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் ஒரு புள்ளி விழும். கீழே வருகிற பட்டியலில் தூரத்தை அளக்கிற தெரிவு இருக்கும். அதைத் தொட்டுவிட்டுப் படத்தை டோஹா வரைக்கும் இழுத்தால் நேர்கோட்டுத் தூரம் கிலோமீற்றரில் வந்துவிடும். வீதி வழி கேட்கிற பொத்தானைத் தொடாதீர்கள். அது கடலைக் கண்டதும் கையை விரித்துவிடும்.

என் மகள் ஏ.எல் கணிதம் படிக்கிறாள். அவளுக்கு மெப்ஸ் பிடிக்காது. கையால் போட வேண்டும். அவள் போட்டுக் காட்டிய முறை இது. நெற் இல்லாத இடத்திலும் கைகொடுக்கும்.

இரண்டு ஊரின் அகலக்கோடும் நெடுங்கோடும் வேண்டும். கட்டுநாயக்கா வடக்கு 7.2 பாகை, கிழக்கு 79.9 பாகை. டோஹா வடக்கு 25.3, கிழக்கு 51.6. அகலக்கோட்டு வித்தியாசம் 18.1. ஒரு பாகை 111 கிலோமீற்றர், 18.1ஐ 111ஆல் பெருக்க 2,009. இது வடக்குத் தெற்காக உள்ள தூரம்.

நெடுங்கோட்டு வித்தியாசம் 28.3. இதையும் 111ஆல் பெருக்கினால் 3,141 வரும். ஆனால் நெடுங்கோடுகள் வடக்கே போகப்போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. துருவத்தில் போய் ஒரே புள்ளியில் முட்டுகின்றன. ஆகவே இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள அகலக்கோட்டின் கோசைனால் குறைக்க வேண்டும். நடு அகலக்கோடு 16 பாகை சொச்சம். அதன் கோசைன் 0.96. 3,141ஐ 0.96ஆல் பெருக்க 3,015. இது கிழக்கு மேற்காக உள்ள தூரம்.

இனிப் பைதகரஸ். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3,620 கிலோமீற்றர் அளவில் வரும். பூமியை உருண்டையாக வைத்து முறைப்படி கணக்கெடுத்தால் 3,610 அளவில் நிற்கும். பத்துக் கிலோமீற்றர் வித்தியாசம், பிளேனுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. நாங்கள் வழியில் ஹபரணையில் தேத்தண்ணி குடிக்க நிற்பதே இருபது நிமிஷம்.

இந்த முறை வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நன்றாக வேலை செய்யும், இரண்டும் மத்தியகோட்டுக்கு ரொம்பத் தொலைவில் இல்லை என்பதால். டோக்கியோ மாதிரி தூரமாகவும் வடக்காகவும் உள்ள ஊர் என்றால் மெப்ஸிலேயே அளந்துவிடுங்கள். சுவரில் மாட்டுகிற தட்டைப் படத்தில் அடிமட்டம் வைத்து அளப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் படத்தில் வடக்கு நாடுகள் இழுபட்டுப் பெருத்துத் தெரியும். அதிலே நேராகத் தெரிகிற கோடு உருண்டையில் நேர்வழியும் அல்ல. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் தெரியும், நூல் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது என்று.

தூரத்தை நேரமாக்குவது

நாலு என்ஜின் போனாலும் இரண்டு என்ஜின் போனாலும், பயணிகள் ஜெட் மேலே சமநிலையில் பறக்கும்போது மணிக்கு 830 முதல் 900 கிலோமீற்றர் வரை போகும். பத்துப் பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் அந்த வேகம். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறவும் இறங்கவும் நேரம் போகும்; நிலத்தில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகவும் நேரம் போகும். ஆகவே நான் வைத்திருக்கிற சூத்திரம்: கிலோமீற்றரை 850ஆல் வகு, அரை மணித்தியாலம் கூட்டு.

3,610ஐ 850ஆல் வகுத்தால் நாலேகால் மணித்தியாலம். அரை மணியைக் கூட்ட நாலே முக்கால். மேலே டிக்கட்டில் கழித்தெடுத்த அதே விடை.

மற்ற ஊர்களிலும் போட்டுப் பாருங்கள். சென்னை 650 கிலோமீற்றர் அளவு, ஒன்றேகால் மணித்தியாலம். கோலாலம்பூர் 2,470, மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம். சிங்கப்பூர் 2,750, மூன்றே முக்கால். டுபாய் 3,290, நாலு மணி இருபத்தைந்து நிமிஷத்தைத் தொடும். ரியாத் 4,040, ஐந்தேகால். காத்தான்குடியில் இருந்து உம்றாவுக்குப் போகிற குடும்பங்களைக் கொண்டுபோய் விடும்போது ஜித்தாக் கணக்குக் கேட்பார்கள்: 4,650 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம். கொரியா வேலைக்குப் போகிற தம்பிமாருக்கு சியோல் 5,770, ஏழேகால். டிக்கட்டில் பல தடவை இதைவிடக் கால் மணி, அரை மணி கூடுதலாக இருக்கும். கம்பனிகள் தாமதத்துக்கு என்று கொஞ்சம் சேர்த்துத்தான் அட்டவணை போடும். "பிளேன் இருபது நிமிஷம் முந்தி இறங்கிட்டு" என்று சந்தோஷப்படுகிறோமே, அந்த இருபது நிமிஷம் முதலிலேயே நேர அட்டவணையில் ஒளித்து வைத்தது.

வழியில் மாறி ஏறுகிற டிக்கட் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். நடுவில் காத்திருக்கிற நேரத்துக்குச் சூத்திரம் இல்லை, டிக்கட்டில் உள்ளதுதான்.

போகும்போது கூட, வரும்போது குறைய

கொழும்பில் இருந்து டோஹாவுக்கு ஐந்து மணித்தியாலம், டோஹாவில் இருந்து கொழும்புக்கு நாலே முக்கால் அல்லது அதற்கும் குறைவு. ஒரே வழி, ஒரே பிளேன். காற்றுத்தான் காரணம். அரேபியா இருக்கிற அகலக்கோடுகளில் அந்த உயரத்தில் காற்றுப் பெரும்பாலும் மேற்கில் இருந்து கிழக்காக வீசும். மாரி மாதங்களில் அது இன்னும் பலமாக வீசும். வருகிறவனைத் தள்ளிவிடும், போகிறவனை மறிக்கும். வாவியில் தோணி வலிக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கச்சான் காற்றில் ஒரு கரைக்குப் போவது சுகம், மறு கரைக்குத் திரும்புவது பாடு.

இன்னொரு காரணம் வழி. பிளேன் நாங்கள் நூல் பிடித்த கோட்டிலேயே பறப்பதில்லை. வானத்திலும் வழிகள் போட்டு வைத்திருக்கிறார்கள். நாடுகள் வான்வெளியை மூடினால் சுற்றிப் போக வேண்டும். 2017 ஜூனில் சவூதி, ஐக்கிய அரபு இராச்சியம், பஹ்ரைன், எகிப்து நாலும் கட்டாருடன் உறவை முறித்தபோது கட்டார் விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியையும் மூடின. 2021 ஜனவரியில்தான் அது தீர்ந்தது. அந்த மூன்றரை வருஷம் கட்டார் எயார்வேஸ் பல வழிகளில் சுற்றித்தான் போனது. 2025 ஜூன் 23ஆம் திகதி இரவு கட்டாரே தன் வான்வெளியைச் சில மணித்தியாலத்துக்கு மூடியது; வந்துகொண்டிருந்த பிளேன்கள் வேறு வேறு நாடுகளில் போய் இறங்கின. அப்படிப்பட்ட நாளில் எந்தச் சூத்திரமும் உதவாது. வளைகுடாவில் சண்டை என்று நியூஸில் கேட்டால் ஹயர் வெளிக்கிட முதல் கம்பனியின் தளத்தில் பிளேன் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

இனித்தான் உண்மையான கணக்கு

இதுவரை சொன்னது பிளேன் கணக்கு. எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமாக உள்ள எங்கள் கரையில் இருந்து ஆளைக் கூட்டப் போகிறவனுக்கு அது பாதிக் கணக்குத்தான்.

களுவாஞ்சிகுடியில் இருந்து மட்டக்களப்புக்கு முப்பது கிலோமீற்றர். அங்கே இருந்து வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டிப் பாலம், பொலன்னறுவை, மின்னேரியா, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகலில் கொழும்பு வீதியை விட்டுவிட்டு நாரம்மலை, கிரியுல்லை, திவுலப்பிட்டிய, மினுவாங்கொடை வழியாக இறங்கினால் கொழும்பைத் தொடாமலே கட்டுநாயக்கா. முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஓட்டம் ஏழு மணித்தியாலம். தேத்தண்ணி, மூத்திரம், கைக்குழந்தை எல்லாம் சேர்த்தால் எட்டு.

3,610 கிலோமீற்றருக்கு நாலே முக்கால். 300 கிலோமீற்றருக்கு எட்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்கைப் பிடியுங்கள்.

அதே பிளேன் 01.45க்கு இறங்குகிறது. இமிக்ரேசன், பெட்டி எடுப்பது எல்லாம் முடித்து ஆள் வெளியே வர 03.00 ஆகும். நீங்கள் 02.30க்கு வாசலில் நின்றால் போதும். எட்டு மணித்தியாலத்தைக் கழித்தால் மாலை 18.30. அந்த நேரம் டோஹாவில் பின்னேரம் நாலு மணி. பிளேன் அங்கே எழும்புவது எங்கள் நேரம் 21.00க்கு. அதாவது பிளேன் எழும்ப இரண்டரை மணித்தியாலத்துக்கு முந்தி வேன் களுவாஞ்சிகுடியில் எழும்ப வேண்டும். மகன் "ஏறிட்டன் அம்மா" என்று மெசேஜ் போடும்போது அம்மா மன்னம்பிட்டிப் பாலம் தாண்டிப் பொலன்னறுவைக்குக் கிட்ட நிற்பார்.

இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்துவதுதான் என் தொழிலில் கஷ்டமான வேலை. "அவன் பிளேன் ஏறிட்டன் எண்டு சொன்ன பிறகு வெளிக்கிடுவம்கா, அஞ்சு மணித்தியாலம் இரிக்கே" என்பார்கள். அப்படி வெளிக்கிட்டால் மகன் பெட்டியோடு இரண்டு மணித்தியாலம் வெளியே குந்திக்கொண்டிருப்பான்.

அப்போ பிளேன் பிந்தினால்? அதை முந்தியே மோப்பம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்ரீலங்கன் விமானம் என்றால் டோஹாவில் இருந்து வரப்போகிற பிளேன் அன்றைக்குப் பகலில் கொழும்பில் இருந்து அங்கே போன அதே பிளேனாகத்தான் பொதுவாக இருக்கும். போய் இறங்கி, ஒரு மணி ஒன்றரை மணியில் ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஆகவே 21.00க்கு எழும்ப வேண்டியது, பிற்பகல் இரண்டரை மூன்று மணிக்கே கட்டுநாயக்காவை விட்டிருக்க வேண்டும். ஃபிளைட்ராடார்24 செயலியில் போகிற பிளேனின் நம்பரைப் போட்டுப் பாருங்கள். அது நாலரைக்குத்தான் எழும்பியது என்றால் இரவு வருகிறதும் அந்தளவு பிந்தும். நீங்கள் வீட்டிலேயே ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடலாம். யூ.எல் என்று தொடங்கினால் ஸ்ரீலங்கன், கியூ.ஆர் என்றால் கட்டார் எயார்வேஸ், ஈ.கே எமிரேட்ஸ், எஃப்.இசட் பிளைடுபாய். கட்டார் எயார்வேஸுக்கு டோஹாதான் தாய்வீடு, அங்கே பிளேன் ஏற்கெனவே நிற்கும். ஆகவே இந்த உளவு அதற்குச் சரிவராது.

இரண்டாவது தடவை பார்க்கிற இடம் தம்புள்ளை. இரவு பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சேருவீர்கள். பிளேன் எழும்பி இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று செயலி காட்டும். பிந்துகிறது என்றால் தம்புள்ளையிலேயே நில்லுங்கள். இராப் பகலாகச் சந்தை ஓடுகிற ஊர். சாப்பாடு, தேத்தண்ணி, கக்கூஸ் எல்லாம் இருக்கும், பார்க்கிங்குக்கு மணிக்கணக்கில் காசு வாங்க யாரும் இல்லை. கட்டுநாயக்காவில் போய் முந்தி நின்று ஒரு புண்ணியமும் கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். பின் சீற்றில் இருக்கிற அம்மாமாரிடம் அந்தச் செயலியைக் கொடுத்தால் மஞ்சள் பிளேனைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு வருவார்கள். அரபிக்கடலுக்கு மேலே வரும்போது சிலவேளை அந்த மஞ்சள் பிளேன் படத்தில் இருந்து காணாமல் போய்விடும். உடனே வேனுக்குள் ஒப்பாரி. பயப்பட ஒன்றும் இல்லை. பிளேன் தான் நிற்கிற இடத்தை றேடியோவில் சொல்லிக்கொண்டே வரும். அதைக் கேட்கிற அன்டெனாக்கள் பெரும்பாலும் தரையில் இருக்கின்றன. நடுக்கடலில் அவற்றுக்கு எட்டாது. இந்தியக் கரைக்குக் கிட்ட வந்ததும் திரும்பத் தெரியும். இதை வெளிக்கிட முதலே சொல்லி வையுங்கள்.

வீதி

மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் நடுவில், அதேபோல் புனானை வெலிக்கந்தைப் பக்கமும், இரவில் யானை வரும். முன்னால் போகிற லொறி திடீரென்று பிரேக் லைட்டோடு ஹசார்ட் லைட்டையும் போட்டு நின்றால் யானை என்று விளங்கிக்கொள்ளுங்கள். ஐம்பது மீற்றராவது விட்டு நில்லுங்கள். ஹோர்ன் அடிக்கக்கூடாது, ஹைபீம் அடிக்கக்கூடாது, என்ஜினை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக் கதவைத் திறக்கவே கூடாது. தனி யானை என்றால் இன்னும் கவனம். பத்து நிமிஷத்திலும் போகும், முக்கால் மணித்தியாலமும் நிற்கும். நான் எட்டு மணித்தியாலம் போடுவதில் யானைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் சிலர் அம்பாறை, மகாஓயா, மகியங்கனை, கண்டி வழியைப் பிடிப்பார்கள். படத்தில் கிட்ட மாதிரித் தெரியும். மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு ஏற வேண்டும்; பிள்ளைகளுக்கு வாந்தி, பிறகு கண்டி நெரிசல். பகலில் போகலாம், மலை பார்க்க வடிவாக இருக்கும். இரவில் நான் போகமாட்டேன்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஏற்ற வேண்டிய ஆட்கள் இருந்தால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போய் ஏற்றுங்கள். குருமண்வெளியில் பாதையை (வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம்) பிடித்து மண்டூருக்குப் போவது கிட்டத்தான். ஆனால் பாதை அந்தக் கரையில் நிற்கும்போது நீங்கள் இந்தக் கரையில் நிற்பீர்கள். பிளேனுக்குப் போகிற அன்றைக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

என் பிழைப்புக்கு எதிராக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனி ஆள், ஒரு பெட்டி என்றால் வேன் தேவையில்லை. மட்டக்களப்பில் இருந்து இரவு ரயிலோ பஸ்ஸோ பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கே இருந்து 187 பஸ்ஸில் கட்டுநாயக்காவுக்குப் போகலாம். மதியத்துக்குப் பிறகு எழும்புகிற பிளேனுக்கு அது தோதான வழி. விடியப்புறப் பிளேனுக்கு இராரயிலை நம்பக்கூடாது. யானைக்காகவே ரயில் மெதுவாகப் போகிற இடங்கள் அந்தப் பாதையில் உண்டு.

மட்டக்களப்பிலேயே ஓடுபாதை இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. அங்கே இருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் 200 கிலோமீற்றர் சொச்சம்தான், என் சூத்திரத்தில் போட்டால் முக்கால் மணித்தியாலம். வளைகுடாவுக்குப் போகிற சனம் எல்லாம் அதில் ஏறுகிற காலம் வந்தால் நான் வேனை வித்துவிட்டு வேறு தொழில் பார்ப்பேன்.

ஏற்றி விடப் போகிறவர்களுக்கு

இது சுருக்கமான கணக்கு. பிளேன் நேரத்தில் மூன்று மணித்தியாலம் கழி, அது எயார்போர்ட் வாசல். அதில் எட்டுக் கழி, அது வீட்டு வாசல். 15ஆம் திகதி 03.50 பிளேன் என்றால் எயார்போர்ட்டில் 00.50, வீட்டில் இருந்து 14ஆம் திகதி பின்னேரம் 16.50. நான் நாலரை என்று சொல்லுவேன், ஐந்துக்குத்தான் எல்லாரும் ஏறுவார்கள்.

நாலரைக்கு ராகுகாலம் என்று நிற்கிற வீடுகள் உண்டு. நல்ல நேரம் முந்தியே வருகிறதென்றால் அந்த நேரத்துக்குப் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்து, போகிறவரையும் ஏற்றி, பிள்ளையார் கோயிலடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் ஒரு தேங்காய் உடைத்துவிடுங்கள். மற்றவர்கள் பிறகு ஏறலாம். நல்ல நேரம் பிந்தி வருகிறதென்றால் என்னால் செய்ய ஒன்றும் இல்லை. செக்கின் மேசைக்காரருக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

திரும்பி வரும்போது

இறங்கியதில் இருந்து வெளியே வர ஒன்றேகால் மணித்தியாலம் என்று மேலே போட்டேன். அது டியூட்டி ஃப்றீக்குள் போகாத ஆளுக்கு. கட்டுநாயக்காவில் வருகிறவர்களுக்கான டியூட்டி ஃப்றீயில் டிவி, பிரிஜ், வோஷிங் மெசின் எல்லாம் விற்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து வருகிற பிள்ளை ஒன்றும் வாங்காமல் வருமா? பில் போட்டு, பெட்டி வெளியே வர இன்னும் ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வெளிக்கிட முதல் வருகிறவரிடமே கேளுங்கள், சாமான் எடுக்கிற எண்ணம் இருக்கா, எத்தனை இஞ்சி டிவி என்று. கூட்டிவரப் போகிற சனத்தின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். பதினாலு சீற்று வேனில் பதினாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போனால் வருகிறவருக்குச் சீற்று இல்லை. அவருடைய இரண்டு பெட்டிக்கும் டிவிக்கும் இடம் இல்லை. பத்துப் பேர் போதும். பிரிஜ் என்றால் மேலே கரியரில் நிமிர்த்தித்தான் கட்டவேண்டும், படுக்கவைக்கக்கூடாது. அதற்குக் கயிறும் மூடுகிற தறப்பாளும் நான் கொண்டு வருவேன், ஆனால் முந்தியே சொல்லுங்கள்.